மொட்டை மாடியில் முதல் நாற்றுகள்

வீட்டுத் தேவைக்கான காய்கறியை விதையிலிருந்தே வளர்க்க இவ்வாண்டு முதன்முறையாகத் தொடங்கியிருக்கிறேன். வழுதலங்காய் (கத்தரிக்காய்), தக்காளி, மிளகாய் ஆகியவற்றைக் குழித்தட்டில் நாற்றாக்கி, ஏறக்குறைய 25 முதல் 30 நாட்களில் எடுத்து நடலாம். ஆனால் வெண்டை, பயறு, பாகல் முதலியவை வேர் அசைந்தால் எளிதில் தேறுவதில்லை என்பதால், அவற்றை வளர்ப்புப் பையிலேயே நேரடியாக ஊன்றிவிட்டேன். பாகல் விதையின் ஓடு தடிமனானது; இரவு முழுவதும் ஊறவைத்தால்தான் விரைவில் முளைக்கும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறுகிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாற்றுக்கு வறட்சியைவிட மிகுந்த ஈரமே பெரும்பகை. மண்ணை ஒட்டிய தண்டுப் பகுதி நீர்கோத்து நூல்போல் மெலிந்து, மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடந்தால், அது நாற்றழுகல் என்னும் பூஞ்சை நோய். நெருக்கமாக விதைக்காமல், விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையின் பொடியில் புரட்டி (கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பரிந்துரை, நமக்கு ஒரு சிட்டிகை போதும்), மேல்மண் சற்றுக் காய்ந்த பிறகே நீர் தெளித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இங்கே தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவையும் உப்புப் போக அலசிய பின்னரே கலக்க வேண்டும்.

நாட்டு வெள்ளரி விதை வைத்திருக்கும் தக்கலை, மார்த்தாண்டம் பகுதி நண்பர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்கவும்.