இந்திரா சதுக்கம் முதல் ராஜீவ் சதுக்கம் வரை: மேம்பாலப் பணியும் வரவிருக்கும் சாலை அடைப்புகளும்

2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அடிக்கல் நாட்டிய, இந்திரா காந்தி சதுக்கத்தையும் ராஜீவ் காந்தி சதுக்கத்தையும் இணைக்கும் மேம்பாலத்தைப் பற்றிப் புதுச்சேரியில் பேசுவோர் பெரும்பாலும் 4 கிலோமீட்டர் நீளம், 436 கோடி ரூபாய் செலவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வழியே வண்டி ஓட்டுகிற எனக்கு, பாலம் முடியும் வரை எந்தப் பக்கம், எந்த நேரத்தில், எவ்வளவு அகலத்துக்கு அடைபடும் என்பதும், அது நமக்கு எவ்வளவு முன்பாகச் சொல்லப்படும் என்பதும்தான் பெரிய கேள்விகள்.

கடலூரிலிருந்து அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் வழியாக வருவோரும், விழுப்புரத்திலிருந்து வில்லியனூர், மூலக்குளம் வழியாக வருவோரும் இந்திரா காந்தி சிக்னலில் சந்திக்கிறார்கள். கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குக் கடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகள் பெரும்பாலும் இந்த இரண்டு சதுக்கங்களையும் கடந்தே செல்கிறார்கள். எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது. ஆகவே இங்கே ஒரு பக்கம் அடைபட்டால் தாமதமாவது வெறும் அலுவலகப் பயணம் மட்டுமல்ல.

இத்தகைய பாலப் பணியில் சாலை எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில் அடைபடுவதில்லை. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்புதைவடம் ஆகியவற்றை இடம் மாற்றும்போது ஓரங்கள் தோண்டப்படும். கடைக்காரர்களும் டெம்போ ஓட்டுநர்களும் அதிகம் சிரமப்படுவது அப்போதுதான். பிறகு தூண்களைத் தாங்க நிலத்தில் ஆழமாக இறக்கும் அடித்தளக் கம்பங்களுக்கான (பைல்) துளையிடும் இயந்திரம் நிற்க இடம் வேண்டும் என்பதால், நடுத்தடுப்பை ஒட்டிய பாதை இருபுறமும் தகரத் தடுப்புகளுக்குள் போய்விடும். நெடுநாள் நீடிக்கும் குறுகல் இதுவே. தூணின் தலைப்பகுதி கட்டப்படும்போது சாரம் வெளியே நீண்டிருப்பதால் உயரமான லாரிகளுக்குத் தடை வரலாம். தூண்களுக்கு மேலே பாலத்தைத் தாங்கும் உத்திரமான கர்டரைத் தூக்கி வைக்கும் வேளையில், தொங்கும் பாரத்தின் கீழே எவரையும் விடக் கூடாது என்பதால் அந்த இடத்தில் சாலையையே மூட நேரிடும். இதை இரவில் செய்வதே முறை. எந்த இரவு என்பதை முந்தைய வாரமே அறிவிக்க இயலாத காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாற்று வழிகளைப் பொறுத்தவரை, ஊருக்குள் வர வேண்டிய தேவையே இல்லாத கனரக வாகனங்களுக்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. அதே அக்டோபர் விழாவில் திறக்கப்பட்ட, 1,588 கோடி ரூபாய் செலவிலான புதுச்சேரி – பூண்டியாங்குப்பம் நான்குவழிச் சாலை 38 கிலோமீட்டர் நீளமுடையது. சிதம்பரம் பக்கத்திலிருந்து விழுப்புரம் செல்லும் லாரிகள் நகருக்குள் நுழையாமல் அதிலேயே போய்விடலாம். பணி நடக்கும் காலம் முழுவதும் அவற்றைப் பகலில் நகருக்குள் விடக் கூடாது என்பதே என் கருத்து. கார், இரு சக்கர வாகனக்காரர்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. மரப்பாலத்தில் நேராக முதலியார்பேட்டைக்குள் சென்றால் ஏ.எஃப்.டி. ஆலை அருகிலுள்ள ரயில்வே கேட் குறுக்கே வரும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து கடற்கரைக்கு மட்டும் செல்வோர் கோட்டக்குப்பம், முத்தியால்பேட்டை வழியாகச் செல்வது நல்லது. சனி, ஞாயிறுகளில் ராஜீவ் காந்தி சிக்னலின் சுமை அதனால் கொஞ்சமாவது குறையும்.

அறிவிப்புப் பலகை அடைப்புக்கு அருகில் மட்டும் இருந்தால் பயனில்லை. பணி நடக்கும் இடங்களில் போக்குவரத்தை நடத்துவதற்கு சாலைப் பணிகளுக்குத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வெளியிட்டுள்ள வழிகாட்டு நெறிமுறை, முன்னெச்சரிக்கைப் பகுதி, பாதை குறுகும் பகுதி, பணிப் பகுதி, பழைய பாதைக்குத் திரும்பும் பகுதி எனச் சாலையை நான்காகப் பிரித்துப் பார்க்கிறது. இவற்றுள் முதல் பகுதியைத்தான் நாம் எப்போதும் கைவிட்டுவிடுகிறோம். கடலூரிலிருந்து வருபவர் வழியைத் தேர்ந்தெடுக்கும் கடைசி இடம் மரப்பாலம். ஆகவே பலகை அதற்கு முன்பே, அரியாங்குப்பத்திலேயே இருக்க வேண்டும். விழுப்புரம் பக்கத்தவருக்கு வில்லியனூரில் வேண்டும். தேதி, நேரம், எந்தத் திசை, எந்த மாற்று வழி ஆகியவை தமிழில், இரவிலும் ஒளிரும் எழுத்தில் இருந்தால் போதும்.

மழைக்காலத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கொட்டிய மழையில் எது சாலை, எது வாய்க்கால் என்று தெரியாத நிலையை ஊரே பார்த்தது. அத்தகைய வெள்ளத்தில் மூடப்படாத பைல் குழி கண்ணுக்குத் தெரியாது. அக்டோபர் பிறப்பதற்குள் ஓரக் குழிகளை மூடி, தடுப்புகளை நிலத்தோடு இறுக்கி, வடிகால் வாய்களில் கிடக்கும் மண்ணை அகற்றியாக வேண்டும். ஒப்பந்ததாரருக்கான பணி அட்டவணையிலேயே இதைச் சேர்க்க வேண்டும் என்று பொதுப்பணித் துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சாலையில் கடை வைத்திருப்போரும் குடியிருப்போரும் கையெழுத்திட விரும்பினால் தெரிவியுங்கள்.