ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள்

பிரிட்டனின் மேற்கில் உள்ள வேல்ஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டால், அந்நாட்டு மொழியான வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம் என்கிறது 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நாங்கள் குடியிருக்கும் கேர்நார்வன், வடமேற்கில் குவினெத் பகுதியில் இருக்கிறது. குவினெத்தில் அது 64.4 சதவீதம். கறிக்கடை, பேருந்து, பள்ளிக்கூட வாசல் என்று எங்கே நின்றாலும் வெல்ஷ்தான் காதில் விழுகிறது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலும் அப்படித்தான்.

"எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே, எதுக்குடி இந்தக் கஷ்டம்?" என்று, நான் வெல்ஷ் கற்கப் போவதாகச் சொன்னபோது, தலைநகர் கார்டிஃபில் இருக்கும் தோழி கேட்டாள். எங்கள் இல்லத்துக்கு ஒரு நாள் வந்து பார்த்தால் கேட்கமாட்டாள். மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பிற்பாடு கற்ற மொழிதான் முதலில் நழுவுகிறது. ஆடு வளர்த்து வாழ்ந்த தாத்தா ஒருவர் இருக்கிறார். எங்கே வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டால் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வெல்ஷில் கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். வலியைச் சொல்லத் தாய்மொழி இல்லாமல் ஒருவரைத் தவிக்க விடக் கூடாது. நோயாளி கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே முன்வந்து வெல்ஷில் பேச வேண்டும் என்பது வேல்ஸ் அரசு 2012இல் கொண்டுவந்த பராமரிப்புத் திட்டத்திலேயே இருக்கிறது.

சரி, மாலை வகுப்பில் சேர்ந்தேன். வடக்குக்கு ஒரு புத்தகம், தெற்குக்கு ஒரு புத்தகம். பாலுக்கே இரண்டு பக்கமும் வேறு வேறு சொல். வகுப்பில் எல்லாரையும் திணற வைத்தது சொல்லின் முதல் எழுத்து மாறுவதுதான். பங்கோர் என்ற ஊருக்குப் போகிறேன் என்றால் அது 'வங்கோர்' ஆகும், அந்த ஊரில் இருக்கிறேன் என்றால் 'மங்கோர்' ஆகும். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைப் பள்ளியில் படித்தவளுக்கு இது புணர்ச்சி விதி மாதிரியே பட்டது. நீ, நீங்கள் வித்தியாசமும் அங்கே உண்டு. பெரியவர்களிடம் எதைச் சொல்வது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வினைச்சொல்தான் படுத்தியது. நாம் கடைசியில் வைப்பதை அவர்கள் முதலில் வைக்கிறார்கள். வாயைத் திறக்கும் முன்பே வாக்கியம் எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். பேசிப் பழக ஆள் கிடைப்பதுதான் கடினம். நான் ஒரு சொல்லுக்குத் தயங்கினால் போதும், எதிரில் இருப்பவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். என் நிறத்தைப் பார்த்து ஆங்கிலத்திலேயே ஆரம்பிப்பவர்களும் நிறைய. அத்தனையும் அன்பினால்தான், அதனாலேயே மறுக்கவும் சங்கடம். வெல்ஷ் பேசுகிற ஊழியர்கள் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழி போட்ட பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். கற்பவர்களுக்கும் தனியாக ஒன்று உண்டு. அதைக் குத்திக்கொண்ட பிறகு நிலைமை மாறியது. "அராவ்" என்று கேட்டுக்கொள்ளவும் பழகினேன். மெதுவாக என்று அர்த்தம். இங்கே சாலை வளைவுகளில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதும் அதுதான்.

அப்புறம், காலை டீ வண்டியை எனக்கே கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மொழி பழக அதைவிட நல்ல வேலை இல்லை என்பேன். "டாஹ் ஹி இஷோ பனட்?" என்று டீ வேண்டுமா கேட்டு, பால் எவ்வளவு, சர்க்கரை எத்தனை, பிஸ்கட் வேண்டுமா என்று அறைக்கு அறை அதே கேள்விகள். பதில்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். வகுப்பில் சொல்லித்தந்தது பத்துப் பத்தாக எண்ணும் புதிய முறை. இங்கே உள்ள பாட்டி ஒருவர் தன் வயதை எட்டும் நாலு இருபதும் என்று பழைய முறையில் சொல்வார். எண்பத்தெட்டு. நான் மனக்கணக்குப் போட்டு முடிக்கும்வரை கோப்பையை ஏந்தியபடி காத்திருப்பார், ஒருநாளும் ஆங்கிலத்தில் சொல்லித்தந்ததில்லை.

பங்கோர் பக்கம் மருத்துவமனை வேலைக்கு வருகிற நம் ஊர் நர்ஸுகளுக்கு ஒன்று சொல்வேன். தேசிய வெல்ஷ் கற்றல் மையத்தில் வேலையிடத்துக்கென்றே பயிற்சிகள் இருக்கின்றன. சேர்ந்த முதல் வாரமே மேலாளரிடம் கேளுங்கள். கூடவே, ஷிஃப்டில் ஒருவரையாவது பிடித்து, ஆங்கிலத்துக்கு மாறாமல் உங்களிடம் பேசச் சொல்லி வையுங்கள்.