எழுபதுகளின் கன்னடப் படங்கள்: ஒரு கோடை நாட்குறிப்பு

ஏப்ரல் 24, வியாழன்

கன்னட நடிகர் ராஜ்குமார் பிறந்தநாள். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் காலையிலேயே மஞ்சள் சிவப்புக் கொடி, மாலை போட்ட படம், ஸ்பீக்கரில் பி.பி. ஸ்ரீனிவாஸ். நமக்கு அவர் ஜெமினி கணேசனின் குரல், இங்கே ராஜ்குமாரின் குரல். 1974-ல் ‘சம்பத்திகே சவால்’ படத்தில் ராஜ்குமார் தானே ஒரு பாட்டைப் பாடி அது பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் தன் பாட்டுகளைத் தானே பாட ஆரம்பித்துவிட்டார். அந்தப் படத்துக்கு இசை ஜி.கே. வெங்கடேஷ், இளையராஜா உதவியாளராக இருந்தாரே, அவர்தான். ராஜ்குமார் பிறந்த காஜனூரும் இப்போது நம் ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பக்கம்தான் இருக்கிறது.

இந்தக் கோடையில் எழுபதுகளின் படங்களை வரிசையாகப் பார்த்துவிடுவது என்று முடிவு.

ஏப்ரல் 27, ஞாயிறு

‘பங்காரத மனுஷ்ய’ (1972). இயக்கம் சித்தலிங்கய்யா, நாவல் டி.கே. ராமராவ். பெங்களூரின் தியேட்டர் வட்டாரமான மெஜஸ்டிக்கில் இருந்த ஸ்டேட்ஸ் தியேட்டரில் இரண்டு வருஷம் ஓடிய படம். படம் பார்த்துவிட்டுப் பட்டணத்து வேலையை விட்டு ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தவர்கள் உண்டு என்று இன்றும் சொல்கிறார்கள்.

அக்கா புருஷன் இறந்துபோக, அந்தக் குடும்பத்தைத் தன் தோளில் தூக்கிக்கொள்கிறான் ராஜீவா. கரட்டு நிலத்தைத் திருத்தி எல்லாரையும் ஆளாக்குகிறான். கடைசியில், அவன் படிக்கவைத்த அக்கா மகனே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாய்க்கு வந்தபடி பேசுகிறான். ராஜீவா எழுந்து போய்விடுகிறான், அவ்வளவுதான். பதிலுக்கு வசனம் எதுவும் இல்லை. நம்மூர்ப் படமாக இருந்தால் அந்த இடத்தில் பத்து நிமிஷம் பேசியிருப்பார்கள். நடுவில் பாட்டுகள் கொஞ்சம் இழுவை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மே 3, சனி

புட்டண்ண கணகாலின் ‘நாகரஹாவு’ (நாகப்பாம்பு). இதுவும் 1972 தான். (பாரதிராஜா உதவி இயக்குநராக இருந்தது இந்தப் புட்டண்ணாவிடம்தான்.) விஷ்ணுவர்தன் கதாநாயகன், அம்பரீஷுக்கு முதல் படம். ஆனால் என்னைப் பொறுத்தவரை படத்தைத் தாங்கி நிற்பது சித்ரதுர்கா கோட்டை. அந்தப் பாறைகளுக்கு நடுவில் யார் கத்தினாலும் நியாயமாகத்தான் தெரிகிறது.

ராமாச்சாரி முன்கோபக்காரன், சாமய்யா வாத்தியார் சொன்னால் மட்டும் கேட்பான். அவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காகத் தான் விரும்பிய அலமேலுவை விட்டுக்கொடுக்கிறான். அவள் வாழ்க்கை எப்படிச் சீரழிந்தது என்பது பின்னால் தெரியவரும்போது, எனக்கு வாத்தியார் மேல்தான் ஆத்திரம் வந்தது. கே.எஸ். அஷ்வத் அந்த மனிதரை அத்தனை பாசத்தோடு செய்திருப்பதால், ஊரே அவருக்காக அழுதது. தன் நாவல்களைப் படமாக்கிய விதம் மூல நாவலாசிரியர் த.ரா.சுப்பராவுக்குப் பிடிக்கவில்லை. நாகப்பாம்பைப் புட்டண்ணா சாரைப்பாம்பாக்கிவிட்டார் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

மே 4, ஞாயிறு

‘சரபஞ்சர’ (1971). மறுபடி புட்டண்ணா, நாவல் திரிவேணி. மனநலம் குன்றிச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்ணை, வீடும் ஊரும் மறுபடி நோயாளி ஆக்குகிற கதை. கல்பனா சில இடங்களில் அதிகமாக நடிக்கிறார், இருந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒன்று கவனித்தேன். இதுவரை பார்த்தது எல்லாமே நாவலிலிருந்து வந்தவை, எல்லாமே மெஜஸ்டிக்கில் கூட்டம் சேர்த்தவை. விருதுப் படங்கள்தான் இலக்கியத்திடம் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது புதுசு. அன்றைக்கு இங்கே ஸ்டார் படத்துக்கும் கதை நூலகத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

மே 11, ஞாயிறு

‘சம்ஸ்கார’ (1970). யு.ஆர். அனந்தமூர்த்தி நாவல், பட்டாபிராம ரெட்டி இயக்கம், ஒளிப்பதிவு ஆஸ்திரேலியாக்காரர் டாம் கோவன். ஆசாரத்தையெல்லாம் தூக்கிப் போட்ட நாரணப்பா செத்துப்போகிறான். அவனுக்கு யார் கொள்ளி வைப்பது என்று அக்ரஹாரம் முடிவு செய்யாமல் தவிக்கிறது. பிணம் எடுக்கும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. பசியில் இருக்கிற ஆட்களுக்கு, நாரணப்பாவோடு வாழ்ந்த சந்திரி கொண்டுவந்து வைக்கும் நகைகளின் மேல் கண் போவதைக் காட்டும் இடம், படத்தின் எல்லா விவாதங்களையும்விடக் கூர்மை. அக்ரஹாரத்துப் பண்டிதர் பிராணேசாச்சாரியராக கிரீஷ் கர்னாட், பிணமாகக் கிடப்பவர் பி. லங்கேஷ். எழுத்தாளர்களே கூடி எடுத்த படம் என்றுகூடச் சொல்லலாம்.

மெட்ராஸ் தணிக்கை அலுவலகம் முதலில் அனுமதி மறுத்தது. பிறகு டெல்லி தலையிட்டது. வெளிவந்ததும் நாட்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது. அதே விருது 1975-க்கு ‘சோமன துடி’, 1977-க்கு ‘கடசிராத்த’ என்று எழுபதுகளிலேயே இன்னும் இரண்டு முறை கன்னடத்துக்கு வந்தது. முதலாவது சிவராம காரந்த் நாவல், அடுத்தது மறுபடி அனந்தமூர்த்தி.

சந்திரியாக நடித்த சினேகலதா ரெட்டி, இயக்குநரின் மனைவி. எமர்ஜென்சியில் கைதாகிப் பெங்களூர் சிறையில் மாதக்கணக்கில் ஆஸ்துமாவோடு கிடந்தார். பரோலில் வெளியே வந்த சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்துபோனார். இது தெரிந்தபின் அந்த நகைக் காட்சியை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன்.

அடுத்தது கிரீஷ் காசரவள்ளியின் ‘கடசிராத்த’. அதைச் சீரமைத்து 2024-ல் வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள். அந்தப் பிரதி பெங்களூரில் எங்காவது போட்டால், லீவு போட்டாவது போவேன்.