பாயில் உட்கார நேரம் கொடுங்கள்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் தலைமையாசிரியரும் நானும்தான். 2022இல் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து முதல் மூன்று வகுப்பும் என் பொறுப்பு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் நிலைவாரியாகப் பாயில் உட்கார்ந்திருப்பார்கள்.

போன வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 42இல் 17ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். நோட்டை மேசைக்கு வரவழைத்துத் திருத்தினால் ஒரு பெருக்கல் குறியோடு வேலை முடிந்துவிடும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாது மிஸ், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்றான். போகாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, கடன் வாங்கத்தான் தெரியவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டு நான்கையும் உதிரிக் குச்சி இரண்டையும் கையில் கொடுத்தேன். ஒரு கட்டை அவனே அவிழ்த்தான். 25 வந்துவிட்டது.

பயமில்லாததால்தான் அவன் வாயைத் திறந்தான். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதை மட்டுமல்ல, மனதைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. பிரம்பு போனால் மட்டும் போதாது. "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அப்புறம் அந்தப் பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிவிடும். விடை சரியாக இருக்கும், குழப்பம் அப்படியே உள்ளே கிடக்கும். காலை உணவும் இதில் சேர்த்திதான். அது வந்தபின் முதல் மணி நேரத்தில் சுருண்டு படுக்கும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் குறைந்துவிட்டார்கள்.

தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாட்களில் ஐந்து வகுப்பும் என்னிடம். அன்று யார் பக்கத்திலும் உட்கார முடியாது. "பார்த்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வதே வேலையாகிவிடும். வருகைப்பதிவில் நான் பள்ளியில் இருக்கிறேன், அந்தப் பையனுக்கு நான் இல்லை. அதே சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. கூட்டமும், பள்ளி விவரங்களை இணையத்தில் பதிவேற்றுவதும் அந்தக் கணக்கில் வருவதில்லை போல.

மூன்றாவது ஆசிரியர் வரும்போது வரட்டும். அதுவரை கூட்டங்களைப் பள்ளி விட்டபின் வையுங்கள், பதிவேற்ற வேலைக்கு நாலைந்து பள்ளிக்குச் சேர்த்து ஓர் ஆளையாவது போடுங்கள்.