பிட்டும் தேங்காய்ப்பூவும்

இலங்கையின் கிழக்கில் மட்டக்களப்புப் பக்கம் பிறந்து வளர்ந்த யாரிடமும் தமிழர் முஸ்லிம் உறவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முதலில் வாயில் வருவது "பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி இருந்தோம்" என்பதாகத்தான் இருக்கும். குழலில் ஒரு பிடி பிட்டு, அதன் மேல் ஒரு பிடி தேங்காய்ப்பூ, மறுபடி பிட்டு, மறுபடி தேங்காய்ப்பூ. வெந்ததும் அம்மம்மா அகப்பைக் காம்பால் தட்டில் தள்ளுவார். எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துத் தின்ன முடியாது. எங்கள் ஊர்களும் அப்படித்தான். கல்முனை வீதியில் பஸ்ஸில் போனால் நாவற்குடா தமிழ் ஊர், அடுத்தது காத்தான்குடி முஸ்லிம் ஊர், அதை அடுத்து ஆரையம்பதி மறுபடி தமிழ் ஊர், குழலைப் படுக்க வைத்த மாதிரி வரிசையாக வரும். எல்லா ஊரிலும் பேசுவது ஒரே தமிழ்.

நான் ஆரையம்பதி. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குக் காத்தான்குடியில் இருந்து ஒரு காக்கா சைக்கிளில் துணி கொண்டு வருவார். முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். சீத்தைத் துணி, சாறன், பள்ளிக்கூடச் சட்டைக்கு வெள்ளைத் துணி எல்லாம் அந்த ஒரு மூட்டைக்குள் இருக்கும். அம்மா மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காசு கொடுப்பார், காக்கா ஒரு நாளும் கணக்குக் கொப்பியை விரித்துக் காட்டிக் கேட்டதில்லை. பெருநாளுக்கு அவர் வீட்டில் இருந்து வட்டிலப்பம் வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டில் இருந்து சர்க்கரைப் புக்கை போகும். ஒரு முறை பாத்திரத்தைத் திருப்பி அனுப்பும்போது வெறுமையாக அனுப்பக் கூடாது என்று அம்மம்மா வீட்டு முருங்கைக்காயைப் போட்டு அனுப்பியது நன்றாக நினைவிருக்கிறது.

1990 ஜூனில் புலிகளுக்கும் இராணுவத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அதில் சிறுவர்களும் இருந்தார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூரில் நடுச்சாமத்தில் முஸ்லிம்களை வீடு வீடாகப் போய்க் கொன்றார்கள். ஆகஸ்ட் 12 அன்று வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களை அரசாங்கம் ஆயுதம் கொடுத்திருந்த முஸ்லிம் ஊர்காவல் படையினர் கொன்றார்கள். செப்டம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் தமிழர்கள் 184 பேரை இராணுவம் கொன்றது, கைக்குழந்தைகளையும் விடவில்லை. அக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள் புலிகள். வடக்கு முழுவதும் பார்த்தால் எழுபதாயிரம் பேருக்கு மேல், பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களுக்குள் ஒரு தலைமுறையே வளர்ந்தார்கள். இதெல்லாம் மூன்று மாதத்துக்குள் நடந்தது. தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டவர்களும் தமிழில்தான் பேசினார்கள், கோயிலுக்குள் வெட்ட வந்தவர்களும் தமிழில்தான் பேசினார்கள்.

எங்கள் வீட்டில் சத்துருக்கொண்டானை வருடாவருடம் நினைப்போம். விளக்கு வைப்போம், தெரிந்த பெயர்களைச் சொல்லி அழுவோம். காத்தான்குடிப் பள்ளிவாசலைப் பற்றி யாரும் வாய் திறந்ததே இல்லை. அது நடந்த இடம் எங்கள் வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். வளர்ந்து ஆளான பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அந்தப் பக்கத்திலும் அப்படித்தான் இருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன், அவர்களுக்கு வீரமுனை என்றால் ஒரு ஊரின் பெயர், அவ்வளவுதான்.

எல்லா மதமும் அன்பைத்தானே சொல்கிறது என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். உண்மைதான், சொல்கிறது. பக்கத்து வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறாரச் சாப்பிடுகிறவன் விசுவாசி இல்லை என்று அந்த ஊர்காவல் படைக்காரர்கள் மதரஸாவில் படித்திருப்பார்கள். துப்பாக்கியோடு பள்ளிவாசலுக்குள் போன பொடியன்களில் எத்தனையோ பேர் அன்பே சிவம் என்று அறநெறி வகுப்பில் கேட்டவர்கள், அயலானை உன்னைப் போல் நேசி என்று மாதா கோயில் பூசையில் கேட்டவர்கள். சத்துருக்கொண்டானுக்கு வந்த சிப்பாய்கள் எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று விகாரையில் கும்பிட்டு வந்தவர்கள். செய்தி எல்லோருக்கும் போய்த்தான் இருந்தது. அயலவர் யார் என்பதில்தான் ஒவ்வொருவரும் வேலி போட்டுக்கொண்டோம், என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காக்கா ஐந்து வருடம் கழித்து வந்தார். மூட்டை சின்னதாகி இருந்தது, ஆளும் மெலிந்து போயிருந்தார். அவருடைய தம்பி அன்றிரவு பள்ளிவாசலில் இருந்தவர். அம்மம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "காக்கா, செத்த வீட்டுக்கு நாங்க ஒருத்தரும் வரல்ல" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வாறதுக்குப் பாதை எங்க ஆச்சி இருந்த?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் மூட்டையை அவிழ்த்து வெள்ளைத் துணியை எடுத்து விரித்தார். நான் எந்த வகுப்பு என்று என்னிடம் கேட்டார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் அதே காலையில். குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் காத்தான்குடிக்காரன் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறக்க முடியவில்லை. மூன்று மாதம் நான் காத்தான்குடிக் கடைகள் பக்கமே போகவில்லை, காக்காவின் மகன் இரண்டு தடவை அழைத்தும் போனை எடுக்கவில்லை. அந்த ஆள் 2017 இல் சூபி வழியில் போகும் சொந்த ஊர் முஸ்லிம்களையே தாக்கிவிட்டுத் தலைமறைவானவன் என்பதும், அவனைப் பற்றி முஸ்லிம்களே முறைப்பாடு செய்திருந்தார்கள் என்பதும் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. அதைத் தேடாமலே மூன்று மாதம் இருந்தேன் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. மே மாதத்தில் குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோதும் நான் பேசாமல்தான் இருந்தேன்.

பிறகு கொரோனா. இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. புதைப்பதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2020 டிசம்பரில் இருபது நாள் முஸ்லிம் குழந்தை ஒன்றை, பெற்றோர் மறுக்க மறுக்க எரித்தார்கள். கொழும்பில் பொரளை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், மையத்தைச் சுற்றிப் புதைக்கிற கபன் துணிக்குப் பதிலாக. 2021 பெப்ரவரியில் கிழக்கில் பொத்துவிலில் இருந்து வடக்கில் பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்த பேரணியில் எரிக்காதே என்ற கோரிக்கையும் இருந்தது, முஸ்லிம்களும் கூட நடந்தார்கள். நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். மார்ச் மாதம் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில் புதைக்க இடம் கிடைத்தது. ஒரு வருடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கப்பட்டார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள், கூடவே இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்களும்.

காக்காவும் அங்கேதான் இருக்கிறார். போன வருடம் அவர் மகனோடு போனேன். போனை எடுக்காத கதையை வழியிலேயே சொல்லிவிட்டேன், "தெரியும் அக்கா" என்றார், அவ்வளவுதான். வெயில் கொளுத்தியது, எங்கே பார்த்தாலும் செம்மண் மேடுகள், வரிசை வரிசையாக. அவர் வாப்பாவுக்காகத் துஆ ஓதி முடித்துவிட்டு, மேட்டில் முளைத்திருந்த நெருஞ்சியைப் பிடுங்கினார். பிடுங்கி முடித்ததும் எழும்புவார் என்று பார்த்தேன், அப்படியே நகர்ந்து பக்கத்து மேட்டில் இருந்ததையும் பிடுங்கத் தொடங்கினார். அது யாருடையது என்று கேட்டேன். "தெரியா அக்கா. இவங்கட ஆக்களுக்கு வந்து போக தூரமா இருக்கும்" என்றார். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மற்றப் பக்கத்து மேட்டில் குந்தினேன்.