ஸ்டெத்தில் சத்தம் வரவில்லையா? முதலில் காதைப் பாருங்கள்

நர்ஸிங் முதலாண்டில் பி.பி. பார்க்க உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு ஒன்றும் கேட்காது. உடனே “இந்த ஸ்டெத் மட்டம், லிட்மன்தான் வாங்கணும்” என்று, விலை கூடிய அந்த பிராண்டைக் கேட்டு வீட்டுக்குப் போன் போகும். வேலூர் சர்ஜிகல் கடையில் பல ஆயிரம் கொடுத்து வாங்கி வந்த பிறகும் அதே கதைதான். சில நூறு ரூபாய் ஸ்டெத்திலேயே பி.பி. நன்றாகக் கேட்கும். கோளாறு பெரும்பாலும் மாட்டுகிற விதத்தில்தான் இருக்கிறது.

நம் காதுத் துளை நேராக உள்ளே போவதில்லை, மூக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. அதனால்தான் ஸ்டெத்தின் உலோகக் குழாய்களையும் வளைத்து வைத்திருக்கிறார்கள். மாட்டுமுன் முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். காதுக்குள் போகிற முனையான இயர் டிப் இரண்டும் உங்களுக்கு எதிர்ப்பக்கம், அதாவது முன்னால் பார்த்தபடி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் டிப்பின் ஓட்டை துளைச் சுவரில் போய் முட்டும். சத்தம் அங்கேயே நின்றுவிடும். ஸ்டெத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சு டாக்டர் லேயன்னக் 1816இல் சுருட்டிய காகிதத்தை ஒற்றைக் காதில் வைத்துக் கேட்டார், அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மலிவு ஸ்டெத்களில் உலோகக் குழாய் ரப்பருக்குள் சுழன்று, ஒரு டிப் முன்னாலும் ஒன்று பக்கவாட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கும். ரப்பரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குழாயை மெதுவாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

அடுத்தது அடைப்பு. மாட்டியதும் வார்டு ஃபேன் சத்தமும் பேச்சுச் சத்தமும் சட்டென்று குறைய வேண்டும். குறையவில்லை என்றால் காற்று கசிகிறது; அப்படிக் கசியும்போது முதலில் போவது கனத்த, தாழ்ந்த சத்தங்கள். நல்ல ஸ்டெத் பெட்டியில் வேறு அளவில் இயர் டிப் ஜோடி வைத்திருப்பார்கள். பலர் அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். சின்னது, பெரியது இரண்டையும் போட்டுப் பாருங்கள். மென்மையான டிப் கடினமான பிளாஸ்டிக்கை விட நன்றாக அடைக்கும். போடும்போது கடைசிவரை அழுத்தி உட்கார வையுங்கள், தளர்ந்த டிப் காதுக்குள்ளேயே தங்கிவிடக் கூடாது. ஒரு காதில் மட்டும் மந்தமாக இருந்தால் டிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். காது அழுக்கோ கோட் பாக்கெட்டின் பஞ்சோ உள்ளே இருக்கும். டிப் சுத்தமாக இருந்தும் கேட்கவில்லை என்றால், சந்தேகம் உங்கள் காதுக் குறும்பி மேல்தான்.

புதுசில் காது வலிக்கும், அது ஸ்பிரிங் இறுக்கம். உலோகக் குழாய் இரண்டையும் டிப்புக்குக் கீழே வளைகிற இடத்தில் பிடித்து, மெதுவாக இரு பக்கமும் விரித்து விடுங்கள். ஒரு தடவை விரித்து, மாட்டிப் பார்த்து, தேவையென்றால் மறுபடி. தளர்ந்துபோனால் இரண்டையும் ஒரு கையில் சேர்த்து அமுக்கினால் இறுகும். தினமும் இப்படிச் செய்துகொண்டிருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும். லேசாக அழுத்தி, வலிக்காமல் நிற்பதே சரியான இறுக்கம்.

இரண்டு பக்கமும் உள்ள செஸ்ட் பீஸில், அதாவது மார்பில் வைக்கும் தலையில், ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். தண்டைப் பிடித்துக்கொண்டு தலையைச் சுற்றினால் ‘க்ளிக்’ என்று மறுபக்கம் திறக்கும். தட்டையான சவ்வுப் பக்கமான டயாஃப்ரத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். டப் என்று கேட்டால் அந்தப் பக்கம் திறந்திருக்கிறது. பலமாகத் தட்டினால் காதில் இடி விழும்.

பழைய பாணி ஸ்டெத்தில் மூச்சுச் சத்தம், குடல் சத்தம் போன்ற மெல்லிய உயர்ந்த சத்தங்களுக்கு டயாஃப்ரம், தாழ்ந்த சத்தங்களுக்குக் கிண்ணம் போல் குழிந்த பக்கமான பெல். பெல்லை அமுக்கக் கூடாது. அமுக்கினால் அடியில் தோல் இழுபட்டு அதுவே டயாஃப்ரம் ஆகிவிடும். லிட்மன் கிளாசிக் 3 மாதிரியானவற்றில் ஒரே டயாஃப்ரம் இரண்டு வேலையும் செய்யும்: லேசாக வைத்தால் தாழ்ந்த சத்தம், அழுத்தினால் உயர்ந்த சத்தம். இது தெரியாமல் எப்போதும் அழுத்தியே பிடிப்பவர்களுக்குப் பாதிப் பணம் வீண்.

கேட்காததை விடப் பொல்லாதது, இல்லாத சத்தம் கேட்பது. மார்பில் முடி இருந்தால் டயாஃப்ரத்தில் உரசி நொறுநொறுவென்று கேட்கும். அச்சு அசலாக, நுரையீரல் கோளாறில் கேட்கும் கிரெப்ஸ் சத்தம் மாதிரியே இருக்கும். முடியைக் கொஞ்சம் நனைத்துவிட்டு வையுங்கள். தாலிக் கயிற்றில் கோத்த குண்டு செஸ்ட் பீஸில் பட்டாலும் டக் டக் என்று கேட்கும். “அம்மா, தாலியக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிச்சுக்கோங்க” என்றால் அவர்களே பிடித்துக்கொள்வார்கள், நீங்கள் கை வைக்க வேண்டாம். கஞ்சி போட்ட புடவைக்கு மேல் வைத்துக் கேட்பதில் அர்த்தமில்லை. திரை போட்டுத் தோலில் வையுங்கள். உங்கள் விரல் நகர்ந்தாலும் சத்தம், டியூப் கட்டில் கம்பியில் பட்டாலும் சத்தம். இரட்டை டியூப் ஸ்டெத்தில் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், அதற்கென்றே ஒரு கிளிப் வரும்.

பி.பி.யில் நடக்கும் பெரிய தப்பு, செஸ்ட் பீஸைக் கையில் சுற்றும் பட்டையான கஃப்புக்கு அடியில் செருகுவது. கை ஃப்ரீயாக இருக்கும், அளவு தப்பாகும். முழங்கை மடிப்பில், உள்பக்கம், கயிறு போல் தட்டுப்படும் பைசெப்ஸ் தசைநாருக்கு உள்பக்கமாக பிரேக்கியல் தமனியின் துடிப்பை விரலால் தேடிப் பிடித்து அங்கே வையுங்கள். முதலில் கஃப்பில் காற்றை ஏற்றி, மணிக்கட்டில் ரேடியல் துடிப்பு நிற்கிற அளவைப் பார்த்து, அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வரை இறக்குங்கள். பி.பி. பார்க்கும்போது கேட்கும் கொரோட்காஃப் சத்தங்கள் தாழ்ந்தவை, அதனால் அழுத்தம் லேசாகவே இருக்கட்டும்.

நர்ஸிங் பட்டப்படிப்பு 1946லேயே தொடங்கிய ஊர் வேலூர். இங்கேயும் “ஸ்டெத் எதுக்கும்மா உனக்கு, டாக்டர் பார்ப்பார்” என்பவர்கள் உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கும் டிகாக்ஸின் மாத்திரை கொடுக்குமுன் இடது பக்கம் 5ஆவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுக்கோட்டுக்கு நேரே வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுவது நர்ஸ்தான். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே என்றால் மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் சொல்ல வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் வேலை இங்கே ஆகாது.

பராமரிப்பு அதிகமில்லை. வேர்வையும் தேங்காய் எண்ணெயும் டியூப்பை விறைக்க வைக்கும். வெறுங்கழுத்தில் போடாமல் காலருக்கு மேல் போடுங்கள். கத்திரி வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் பூட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு நோயாளிக்கு இடையிலும் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். எதிலும் முக்கி எடுக்க வேண்டாம். கணியம்பாடி, கே.வி.குப்பம் பக்கம் கிராமத்துப் போஸ்டிங் போகும்போது திண்ணை மண்ணில் வைத்தால் டயாஃப்ரம் ஓரத்தில் தூசி ஏறும், அந்த வளையம் சரியாக உட்காராவிட்டால் அங்கேயும் காற்று கசியும்.

தோழியிடம் இரவல் வாங்கினால் இயர் டிப்பை முதலில் ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள், பிறகு டயாஃப்ரத்தைத் தொட்டுப் பாருங்கள். அவள் பெல் பக்கம் திருப்பி வைத்திருப்பாள்.