எதைப் போட்டாலும் விழுகிற ஆர்.சி.சி.பி.

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டில் முன்பு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்தான் இருந்தன. ஃபியூஸ் போனால் ஏதாவது ஒரு வயரிலிருந்து செம்பு இழையை உருவிச் சுற்றிவிடுவது தெருவுக்கே பழக்கம். 5 ஆம்பியர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த இழை இருந்தால் அது உருகாது. சுவருக்குள் ஓடும் வயர்தான் சூடாகும். அதனால் வீட்டுக்கு மறுபடி வயரிங் செய்தபோது கட்டைகளை எடுத்துவிட்டு, வீட்டின் எல்லா லைனும் பிரிகிற டி.பி. பாக்ஸ் வைத்தோம். லைட், ஃபேனுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினால் லீவர் தானே விழுந்து லைனை வெட்டும் சுவிட்ச்), மிக்ஸி, மோட்டார் மாதிரியானவற்றுக்கு 16, ஏ.சி.க்கு 20. எல்லாவற்றுக்கும் முன்னால், கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

இந்த ஆடியில் அந்த ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழ ஆரம்பித்தது. அம்மா மிக்ஸியைப் போட்டால் விழும். "மிக்ஸியிலதான் கோளாறு தம்பி" என்று கடைக்குக் கொடுத்தார்கள். கடையில் நன்றாகவே ஓடியது. அப்புறம் அயர்ன் பாக்ஸைப் போட்டாலும் விழுந்தது, தண்ணீர் மோட்டாரைப் போட்டாலும் விழுந்தது.

எந்த லீவர் விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எம்.சி.பி. விழுந்தால் அந்த லைனில் ஷார்ட், அல்லது தாங்காத லோடு. ஆர்.சி.சி.பி. மட்டும் விழுந்தால் விஷயமே வேறு. அது பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், உடனே வெட்டிவிடும். அந்தக் கசிவு ஒரு மனிதர் உடம்பு வழியாகவும் இருக்கலாம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம்.

பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "அதைக் கழற்றிட்டு நேரா லைன் கொடுக்கச் சொல்லுப்பா, எங்க வீட்டுல அப்படித்தான்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடுகிற வீட்டில் அது மட்டும்தான் காவல்.

ஸ்க்ரூ டிரைவர் எடுக்காமல் நாமே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, அதைச் செய்தேன். முதலில் வீட்டில் இருக்கிற எல்லா ப்ளக்குகளையும் உருவினேன். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலும் எர்த்தும் இணைந்தே இருக்கும். பிறகு எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றினேன். நின்றது. ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றினேன், நின்றது. வேறு வேறு லைனில் அயர்ன் பாக்ஸைச் செருகிப் பார்த்தபோதுதான் விழுந்தது, அதுவும் எந்த லைனில் செருகினாலும். ஏற்கெனவே மிக்ஸிக்கும் மோட்டாருக்கும் விழுந்தது. ஒரு பொருளிலோ ஒரு லைனின் பேஸிலோ மட்டும் கோளாறு என்றால் இப்படி எல்லாவற்றுக்கும் விழாது. எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. லோடு கூடும்போது திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போய்விடும், கணக்கு இடிக்கும். எங்கள் எம்.சி.பி.கள் பேஸை மட்டுமே வெட்டுகிறவை. பழுதான லைனின் எம்.சி.பி.யை இறக்கி வைத்தாலும் அதன் நியூட்ரல் மற்றவற்றோடு சேர்ந்தே கிடக்கும். இது புரியாததால்தான் பாவம், மிக்ஸி மேல் பழி விழுந்தது.

இதற்கு மேல் என் வேலை இல்லை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பாக்ஸைத் திறக்கும் முன் மெயினை இறக்கியதோடு இன்வெர்ட்டரையும் அணைத்தார். மெயினை இறக்கிவிட்டால் வீட்டில் கரண்ட் இல்லை என்று நினைத்துத்தான் பலர் அடிவாங்குகிறார்கள். இன்வெர்ட்டர் லைனில் அப்போதும் 230 வோல்ட் இருக்கும். டெஸ்டரையும் முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் நம்பினார்.

நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரின் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் எர்த்தோடு வைத்துப் பார்த்தார். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு வெகு மேலே நின்றது, கொல்லைப்புற லைன் மட்டும் பூஜ்யம். வாஷிங் மெஷினுக்கான இரும்பு சுவிட்ச் பாக்ஸைத் திறந்தால், பிளேட்டை மாட்டிய நீள ஸ்க்ரூ கறுப்பு நியூட்ரல் வயரின் தோலைக் கிழித்துக்கொண்டு நின்றது. பாக்ஸ் எர்த்தோடு சேர்ந்தது, அதனால் நியூட்ரலும் எர்த்தாகிவிட்டது. கிழிந்த வயருக்கு டேப் சுற்றவில்லை, வெட்டிப் புது வயர் இழுத்தார், குட்டை ஸ்க்ரூ போட்டார். மறுபடி மெக்கரில் பார்த்த பிறகே லைன் கொடுத்தார். அதிலிருந்து அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் சேர்ந்து ஓடினாலும் விழவில்லை.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று இருக்கும் சின்ன பட்டனை மாதம் ஒரு முறை அம்மா அழுத்திப் பார்க்கிறார்கள். அழுத்தினால் விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் கருவியை மட்டுமே சோதிக்கும். வீட்டின் எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது, அதைத் தனியாக அளக்க வேண்டும்.

பாக்ஸ் கதவின் உள்பக்கம் எந்த லீவர் எந்த அறைக்கு என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கூடவே, ஒரு தடவை ஏற்றி மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்ப ஏற்றக் கூடாது, கருகல் வாடை வந்தால் தொடவே கூடாது என்றும். யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸ் ஈ.பி.யுடையது, அதில் லைன்மேன் மட்டுமே கை வைக்கலாம். பக்கத்து வீடுகளிலும் கரண்ட் இல்லையென்றால் கோளாறு நம் பாக்ஸில் இல்லை. அதற்கு ஈ.பி.யின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, அதையும் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.